பெயருக்குள் ஒரு நெசவுக்காரி

இன்று காலை புத்தக அலமாரியைத் துடைத்தபோது பழைய வெப்ஸ்டர் அகராதி கைக்கு வந்தது. முதுகில் இருந்த பொன்னெழுத்துகள் உதிர்ந்து, 'ஸ்டர்' மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்த மிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் அது பெண்பால் விகுதி. நம் 'காரி' போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்கிறவன் வெப்பா, நெய்கிறவள் வெப்பெஸ்ட்ரெ. ரொட்டி சுடுகிறவள் பேக்ஸ்டர். ஏல் என்ற பீரைக் காய்ச்சுகிறவள் புரூஸ்டர். இடைக்கால இங்கிலாந்தில் அது பெரும்பாலும் பெண்கள் கைவேலைதான்.

நாளடைவில் விகுதியின் பெண்மை தேய்ந்தது. அதே தொழில் செய்த ஆண்களையும் அப்படியே அழைத்தார்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தொழிற்பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்தபோது, இந்தப் பெயர்களும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகத் தொடங்கின. வேடிக்கைதான்!

1828இல் அமெரிக்காவில் பெரிய அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டரும் தன் பெயரில் ஒரு நெசவுக்காரியைச் சுமந்தவர்தான்.

நூல் நூற்பவளான ஸ்பின்ஸ்டர் மட்டும் ஏனோ ஆண்களிடம் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அது மணமாகாத பெண்ணுக்கான சட்டச்சொல் ஆனது. பிறகு ஏளனமும் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டிலிருந்து அந்தச் சொல் நீங்கியது 2005இல்தான்.

தூசியைத் தட்டிவிட்டு எஸ் வரிசையைப் புரட்டினேன். அங்கே முதலில் போட்டிருந்த பொருள்: நூல் நூற்கும் பெண்.