வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கிறிஸ்மஸ்

"குடில் வைப்போம் வாடான்னு கூப்பிட்டா, நீங்க வைங்கம்மான்னு சொல்லிட்டுப் போனைத் தூக்கிட்டுப் போயிடுறான்க்கா" என்று சபையில் ஒரு தங்கச்சி வருத்தப்பட்டாள். அவளுடைய மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதில் கேரல் ரவுண்டில், சபையார் ராத்திரி வீடு வீடாகப் பாடி வரும்போது, கிறிஸ்மஸ் தாத்தா வந்து கை நீட்டினால் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பையன், இப்போது முகமூடிக்குள் இருப்பது எந்தத் தெரு அண்ணன் என்று செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவான். அவனை மறுபடியும் மிட்டாய் காட்டிக் கூப்பிட முடியுமா?

நாகர்கோவில் பக்கம் நிறைய வீடுகளில் இதே பேச்சைக் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று பெரியவர்கள் முடிவுகட்டி, கடை ஸ்டார், கடை கேக், புதுத்துணி, மத்தியானம் பிரியாணி என்று பண்டிகையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. என் மகள் பிளஸ் ஒன், மகன் எட்டாவது. இருவருக்கும் வேடிக்கை பார்ப்பதில் இருந்த ஆசை போய்விட்டது உண்மைதான், ஆனால் செய்வதற்கான ஆசை இருக்கிறது. "இந்தப் பசையைப் பிடி, அந்தக் கத்திரிக்கோலை எடு" என்று எடுபிடியாக வைத்திருந்தால் எந்தப் பிள்ளையும் நழுவத்தான் பார்க்கும். ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை, அதற்கான செலவுப் பணத்தையும் சேர்த்து, அவர்கள் பொறுப்பில் விட்டுவிட வேண்டும். நாம் நினைத்தபடி வராது, பரவாயில்லை, அவர்கள் நினைத்தபடி வரட்டும் என்றுதானே கொடுக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு. பரீட்சை முடிந்து பை வீட்டுக்கு வரும்போது கிறிஸ்மஸ் வாசலில் நிற்கும். அதனால் மாதம் முழுக்க நடத்துகிற பெரிய திட்டம் எதையும் நான் வைப்பதில்லை. பரீட்சை நாட்களுக்கு ஒன்றே ஒன்று: லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம் இருக்கிறது, டிசம்பர் 1-ல் தொடங்கி நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வாசித்தால் 24-ம் தேதி ராத்திரி முடியும். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் கால்மணி நேரம், ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம், அதற்குமேல் பிரசங்கம் கிடையாது. முதல் அதிகாரம் 80 வசனம், அதைப் பெரியவர்கள் யாராவது எடுத்துக்கொள்வது நல்லது. மூன்றாம் நாள் வருகிற வம்சவரலாற்றுப் பெயர்களை என் மகனிடம் விட்டோம், நாக்கு சுளுக்கிக்கொள்ளாமல் படித்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற தாத்தா கை தட்டுவார். 15-ம் தேதி கெட்டகுமாரன் கதை வரும்: சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்கு அப்பா விருந்து வைக்க, மூத்தவன் கோபப்படுகிற கதை. போன வருடம் அன்றைக்கு மகள், "மூத்தவன் கோபப்பட்டதுல என்ன தப்பு, அவன்தானே வீட்டுல இருந்து உழைச்சான்?" என்று பிடித்துக்கொண்டாள். தம்பி தன்னைத்தான் சொல்கிறாளோ என்று பதிலுக்கு நின்றான், மறுநாள் அறிவியல் பரீட்சை இருந்ததால் நான் இடையில் புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. பிறப்பின் கதை இரண்டாம் தேதியே முடிந்துவிடுவதால், கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி நாங்கள் வாசிப்பது உயிர்த்தெழுந்த அதிகாரம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

குடிலுக்கான புல்லும் பரீட்சைக்கு இடையில்தான் வளரும். அகலமான தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் பத்து நாளில் பச்சைப்பசேலென்று வந்துவிடும். படித்து அலுத்த பிள்ளை எழுந்து போய்த் தண்ணீர் தெளிக்க அது ஒரு சாக்கு. குடில் முழுக்க மகளின் பொறுப்பு. பிரவுன் ஷீட்டில் கரித்தூளும் பசையும் பூசிக் கசக்கிக் காயவைத்து மலை செய்கிறாள், வைக்கோல் பக்கத்து வயலில் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் வைத்ததை எங்கேயோ படித்துவிட்டு, நாமும் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைக் கட்டலாமா என்று கேட்டாள். கட்டவில்லை. குழந்தை இயேசு சுரூபத்தை மட்டும் 24 ராத்திரிதான் வைப்போம், அதுவரை அது பாட்டியின் அலமாரியில் இருக்கும்.

இனி ஸ்டார். கடையில் மடித்து வைத்த காகித ஸ்டார் வாங்கி விரித்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் அதை மூங்கில் குச்சியில் கட்டுகிறோம், சொல்லிக்கொடுப்பவர் தாத்தா, கட்டுவது மகன். மூன்றடி நீளத்தில் பத்துக் குச்சி வேண்டும். ஐந்தைக் கொண்டு தட்டையாக ஒரு நட்சத்திரம், மீதி ஐந்தைக் கொண்டு இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். அப்புறம்தான் அழகான கட்டம்: நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற ஐந்து இடங்களிலும் அரை அடிக் குச்சியை இரண்டு நட்சத்திரத்துக்கும் இடையில் நிமிர்த்திச் செருகினால், தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழுந்து நிற்கும். முதல் தடவை அது எழுந்தபோது மகன் "தாத்தா!" என்று கத்தியதைக் கேட்டு நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். கடைசிப் பக்கத்துக்குக் காகிதம் ஒட்டுவதற்கு முன் பல்ப் ஹோல்டரை உள்ளே கட்டிவிட வேண்டும். முன்பெல்லாம் குண்டு பல்பு சூட்டில் காகிதம் கருகும், இப்போது எல்இடி போடுவதால் அந்தப் பயம் இல்லை. டிசம்பரில் நமக்குத் தூறல் உண்டு என்பதால் மேலே தெளிவான பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டுவிடுங்கள். தெருவில் எத்தனையோ ஸ்டார் மினுங்கினாலும் அவன் ராத்திரி மொட்டைமாடிக்கு இரண்டு தடவையாவது போய்த் தன்னுடையதைத்தான் பார்த்துவிட்டு வருகிறான்.

பலகாரம் சுடுவது பரீட்சை முடிந்த மறுநாள். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் இல்லாமல் எங்கள் பக்கம் கிறிஸ்மஸ் கிடையாது. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, பாகு ஊற்றிச் சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க நிறையக் கைகள் வேண்டும், அதனால் அன்றைக்குச் சித்தி, அத்தை பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பாட்டியிடம் அளவு கேட்டால் "ரெண்டு கை போடு, பார்த்துப் போடு" என்பார். மகள் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து, பாட்டி கையில் அள்ளியதையெல்லாம் கொட்டுவதற்கு முன் எடைபோட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். பாட்டிக்கு முதலில் எரிச்சல், இப்போது எழுதி முடிக்கும்வரை கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த நோட்டு எங்கள் வீட்டில் இருக்கிற நகையைவிடப் பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன்.

அச்சு முறுக்கு மகனுக்கு. எண்ணெய் என்பதால் நான் பக்கத்திலேயே நிற்பேன், ஆனால் கம்பி அவன் கையில். அச்சை எண்ணெயிலேயே வைத்துச் சூடாக்கி, அரிசிமாவும் முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் கரைத்த மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழன்று விழாது. அச்சு ஆறியிருந்தால் மாவு ஒட்டாது, அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் ஒட்டியதும் நழுவிவிடும். சொல்லித் தெரியாது இது, சுட்டுத்தான் தெரியும். "ஸ்ஸ்ஸ்" சத்தம் கொஞ்சம் அடங்கும்போது லேசாக ஆட்டினால் பூ மாதிரி கழன்று எண்ணெயில் மிதக்கும். எந்த நொடியில் ஆட்ட வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது, என்னையே "அம்மா, இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்கிறான்.

சுட்ட பலகாரத்தைத் தட்டில் வைத்துத் தெருவுக்குக் கொடுக்கிற வேலையும் பிள்ளைகளுடையதுதான். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நமக்குத் தட்டு அனுப்பிய வீடுகள், குப்பை எடுக்க வருகிற அக்கா, பால்காரர், பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்பில் பாடம் எடுத்து இப்போது தனியாக இருக்கிற டீச்சர் என்று பட்டியலை அவர்களே போடுகிறார்கள். கொடுத்துவிட்டு ஓடி வரக் கூடாது, உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும் என்பது மட்டும் நான் வைத்த விதி. வளர்கிற பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் பேச வராது என்று புலம்புகிறோமே, பேச ஒரு காரணம் கொடுத்துப் பாருங்கள்.

கேரல் ரவுண்ட் பற்றி வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். பையன்கள் விடிய விடியப் போகலாம், பெண்பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் வழக்கம். என் மகளுக்கு அது நியாயமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. அதனால் அவள் போகிற அன்றைக்கு நானும் இன்னும் சில அம்மாக்களும் வேனில் கூடவே போகிறோம், அவள் கடைசி வீடு வரைக்கும் பாடிவிட்டுத்தான் வருவாள். எங்கள் தெருவுக்கு வருகிற ராத்திரி எங்கள் வீடுதான் காப்பி நிறுத்தம். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி ஒரு பெரிய குண்டாவில். ராத்திரி ஒரு மணிக்குத் தொண்டை கட்டிப்போய் டிரம்ஸோடு வந்து இறங்குகிற இருபது முப்பது பேருக்கு என்ன கொடுக்கலாம் என்று பிள்ளைகள் ஒரு வாரம் முன்னாலேயே முடிவுசெய்துவிடுவார்கள்.

பரிசு விஷயத்தில் நாங்கள் கல்லூரி, ஆபீஸில் விளையாடுகிற கிறிஸ்மா, கிறிஸ் சைல்ட் என்கிற ரகசியப் பரிசு விளையாட்டையே சொந்தக்காரர்களுக்குள் வைத்துக்கொண்டோம். சீட்டு எடுத்து, வந்த பெயரை யாருக்கும் சொல்லாமல், நூறு ரூபாய்க்குள் ஒரு பொருள். நூறுக்கு மேல் போகக் கூடாது என்றதால்தான் யோசிக்கிறார்கள். தாத்தாவின் பெயர் வந்த அத்தை மகன், அவருடைய பழைய டார்ச்சைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பழுதுபார்த்துப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தான். புதுத்துணிக்கு ஆளுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுகிறேன், மிச்சம் பிடித்தால் அவர்களுக்கே, அதில் தலையிடுவதில்லை.

25 விடியற்காலை ஆராதனை, பிறகு ஆட்டுக்கறி, பிறகு தூக்கம். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், சொல்ல ஒன்றும் இல்லை.

26-ம் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004-ல் அது ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் உள்ளே வந்தது. எங்கள் கடற்கரை ஊர்களான குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் முந்தின நாள் கட்டிய ஸ்டாரும் குடிலும் அப்படியே இருக்க, ஆட்கள் போய்விட்டார்கள். மணக்குடியில் பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனது. வீட்டில் மிச்சமிருந்த கிறிஸ்மஸ் பலகாரம், அரிசி, போர்வை எல்லாவற்றையும் மூட்டை கட்டி என் வீட்டுக்காரரும் நண்பர்களும் வண்டியில் கொண்டுபோனார்கள். என் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை, அவர்களுக்கு சுனாமி பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. அதனால் ஒவ்வொரு வருடமும் 26 அன்று மணக்குடிக்குப் போகிறோம், கல்லறையில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், அங்கே இருக்கிற எங்கள் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுகிறோம். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கூட்டிப் போகவில்லை, பன்னிரண்டு வயது ஆகட்டும் என்று இருந்தேன். பண்டிகை நாளில் துக்கம் எதற்கு என்று என் அண்ணி கேட்பார். மணக்குடிக்காரர்களுக்கு அந்தத் துக்கம் இல்லாமல் கிறிஸ்மஸ் வருவதே இல்லை, ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு என் பிள்ளைகள் அது தெரியாமல் வளர்வதில் எனக்கு விருப்பமில்லை. போய்வரும் வழியில் அப்பாவிடம் அவர்கள் கேட்கிற கேள்விகள் வேறு எந்த நாளும் கேட்காதவை.

31 ராத்திரி ஆராதனை முடிந்து புது வருடத்துக்கென்று சபையில் கொடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டையோடு வீட்டுக்கு வந்ததும், அடுத்த வருடம் யாருக்கு எந்த வேலை என்று பேசி நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிவிடுவோம். இந்த முறை மகளுக்கு ப்ளம் கேக். உலர்பழங்களை அக்டோபரிலேயே ஊறப்போட்டுவிட்டாள், திராட்சை ரசத்திலா ஆரஞ்சுச் சாற்றிலா என்று பாட்டியோடு பெரிய விவாதம் நடந்து கடைசியில் ஆரஞ்சு ஜெயித்தது. மகன் குடிலைக் கேட்டு வாங்கிக்கொண்டான், கன்றுக்குட்டிப் பேச்சை அவனும் ஆரம்பித்திருக்கிறான். ஸ்டார் கட்டுவதைத் தாத்தாவிடமிருந்து இந்த வருடம் கற்றுக்கொள்ளப் போவது நான்.