மடிக்கணினி எழாத வாரம்

மே 18, 2025, ஞாயிறு இரவு

போனில்தான் எழுதுகிறேன். மடிக்கணினி எழவில்லை.

அதில் ஓடுவது டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதற்கு நேற்று 12.11 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. புதிய இயங்குதளம் இல்லை, இதுவரை சேர்ந்த பாதுகாப்புத் திருத்தங்களை ஒரே கட்டாகக் கட்டித் தருவது. இன்று மாலை ஆறு மணிக்கு அப்டேட் கொடுத்தேன். பென்னாகரம் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது. கோடை மழை வந்தால் எங்கள் தெருவில் முதலில் போவது கரண்ட்தான். பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணையும். எல்லாம் தெரிந்தும், பத்து நிமிஷ வேலைதானே என்று கொடுத்துவிட்டேன்.

இடி விழுந்த சத்தத்தோடு கரண்ட் போனது. கடைசியாகப் பார்த்த வரியில் கிரப் பட்டியலைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் இயங்குதளத்தை எழுப்புகிற நிரல்தான் கிரப்.

ஒன்பதேகாலுக்குக் கரண்ட் வந்தது. பொத்தானை அழுத்தினால் வழக்கமாக ஒரு பட்டியல் வரும், ஐந்து நொடியில் அது போய் வட்டுக்கான கடவுச்சொல் கேட்கும். இன்று இரண்டும் வரவில்லை. கருப்புத் திரையின் மேல் ஓரத்தில் 'கிரப்>' என்று ஒரு சொல், பக்கத்தில் கண் சிமிட்டும் கோடு. நான்கு முறை அணைத்துப் போட்டேன். அதே கோடு.

பாப்பாரப்பட்டி, பாலக்கோடு பக்கத்து 14 மகளிர் குழுக்களின் கணக்கு அதில்தான் இருக்கிறது. மார்ச் கடைசி வரை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஏப்ரலும் மேயும் இந்த ஒரே இடத்தில். வரும் திங்கள் 26ஆம் தேதி ஒரு குழு வங்கியில் கடன் மனு கொடுக்க வேண்டும்.

தூக்கம் வராது போல.


மே 19, திங்கள்

காலையிலேயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். பையன் வட்டைக் கழற்றி, ஒரு டப்பாவில் செருகித் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினான். உடனே ஒரு பெட்டி வந்தது: இந்த வட்டைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

"டிஸ்க் போச்சுக்கா. ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்தித் தரேன், சாயந்தரம் வாங்க."

மவுஸ் அம்பு அந்தப் பொத்தான் மேலேயே நின்றது. நான் டப்பாவின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். முரட்டுத்தனம்தான். ஆனால் பேசிப் புரியவைக்கும் நேரத்தில் அவன் விரல் இறங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த வட்டு கெடவில்லை என்பதில் எனக்கு அப்போதே நம்பிக்கை இருந்தது. லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்க முறையில் பூட்டிய பகுதியில் வெளியாள் படிக்கும்படி ஒன்றுமே இருக்காது. விண்டோஸுக்கு அந்தப் பூட்டைத் தெரியாது, அதனால் வெற்றுத் தட்டு என்று நினைத்து ஃபார்மட் கேட்கிறது. வேறு யாரும் படிக்கக் கூடாது என்றுதானே பூட்டினேன்! இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம். கந்துவட்டிக்காரன் கையில் அந்தப் பாக்கிப் பட்டியல் கிடைத்தால் எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கியதே நம் தர்மபுரி மாவட்டத்தில்தான், ஐஃபாட் என்ற ஐ.நா. வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு. அம்மா அந்த ஆரம்பகாலக் குழு ஒன்றில் இருந்தாள். தகரப் பெட்டி, மூன்று பூட்டு, மூன்று பெண்களிடம் மூன்று சாவி. என் மடிக்கணினி அந்தப் பெட்டியின் இடத்தில் இருக்கிறது. சாவி தொலையாதபோது பெட்டியை உடைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.


மே 20, செவ்வாய்

வட்டை நானே திரும்ப மாட்டினேன். ஒரே ஒரு திருகுதான். அப்புறம் அந்தக் 'கிரப்>' முன்னால் பொறுமையாக உட்கார்ந்தேன்.

அது பிழைச்செய்தி இல்லை. கேட்டால் பதில் சொல்லும். 'எல்எஸ்' என்று அடித்தேன், வட்டின் மூன்று பகுதிகளையும் காட்டியது. முதலாவது இஎஃப்ஐ, கணினி முதலில் படிக்கும் இடம். இரண்டாவது பூட், ஏறக்குறைய 500 எம்பி. மூன்றாவதைக் கேட்டதற்கு 'தெரியாத கோப்பு முறைமை' என்றது. நேற்று அந்தப் பையனைப் பயமுறுத்தியது அதுதான், எனக்கு நிம்மதி தந்ததும் அதுதான். பூட்டு பூட்டியபடியே இருக்கிறது.

இரண்டாவது பகுதிக்குள் பார்த்தேன். இயங்குதளத்தின் மையம்தான் கர்னல். பழைய கர்னல் இருக்கிறது, புதிய கர்னல் இருக்கிறது. பட்டியல் கோப்பைத் திறந்தால் ஒரு எழுத்துகூட இல்லை. சாப்பாட்டுக் கடையில் இன்றைய பலகாரம் எழுதும் சிலேட்டை யாரோ துடைத்துவிட்ட மாதிரி. அடுப்படியில் இட்லி வெந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்று இரவு முழுக்கத் தேடிப் படித்தேன். டெபியன் 12 நிறுவியில் 'முழு வட்டையும் பூட்டு' என்று தேர்ந்தால், பூட் பகுதியை மட்டும் பூட்டாமல் தனியே வைக்கிறது. பூட்டைத் திறக்கும் நிரலே அதில் இருப்பதால் அப்படித்தான் வைத்தாக வேண்டும். அந்தப் பகுதியை எக்ஸ்ட்2 என்ற பழைய முறையில் அமைக்கிறது. எக்ஸ்ட்4 போல அதற்கு ஜர்னல் கிடையாது. கணக்கெழுதுகிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை: முதலில் சிட்டையில் எழுதுவோம், பிறகு பேரேட்டில் ஏற்றுவோம். நடுவில் கரண்ட் போனாலும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடலாம். எக்ஸ்ட்2வில் சிட்டையே இல்லை, நேராகப் பேரேடுதான். எழுதுகிற கையைத் தட்டிவிட்டால் பக்கம் போனது போனதுதான்.

நாளை கிருஷ்ணகிரி போகிறேன். அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறான், அவனிடம் ஓடுகிற கம்ப்யூட்டர் இருக்கிறது.


மே 21, புதன், கிருஷ்ணகிரி

காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாக வரும்போது சாலையோரமெல்லாம் மாங்காய்க் கூடைகள். கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளில் பெங்களூரா ரகம் குவிந்திருந்தது. மடியில் மடிக்கணினிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அக்கா பையன் மூன்று ஜிபிக்கு மேல் தரவிறக்கி ஒரு பென் டிரைவில் டெபியன் லைவ் தயார் செய்து வைத்திருந்தான். வட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் இயங்குதளம் அது. அதிலிருந்து மடிக்கணினி முதல் முயற்சியிலேயே எழுந்தது.

"சித்தி, மொதல்ல ஹெட்டரை எடுத்து வெச்சிடுவோம். அப்புறம் எதைத் தொட்டாலும் பயமில்ல."

நல்ல புத்தி. நாம் அடிக்கும் கடவுச்சொல் நேரடியாகக் கோப்புகளைப் பூட்டுவதில்லை. வட்டைப் பூட்டுவது வேறொரு சாவி, கணினியே குலுக்கலாக உருவாக்கியது. அந்தச் சாவியைக் கடவுச்சொல்லால் மூடி, பகுதியின் தொடக்கத்தில் ஹெட்டரில் வைத்திருக்கிறது. ஹெட்டர் அழிந்தால் சரியான கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை. லக்ஸ்2வில் அது வழக்கமாக 16 எம்பிதான். எடுத்து இன்னொரு பென் டிரைவில் வைத்தோம்.

பிறகு கோப்பு மேலாளரில் அந்தப் பகுதியை இருமுறை சொடுக்கினேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். இரண்டு நொடி ஆனது. திருடன் கோடிச் சொற்களை வேகமாகப் போட்டுப் பார்க்க முடியாதபடி அந்த இரண்டு நொடியை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்ப நீளமாக இருந்தது.

திறந்தது. 'குழுக்கள்' என்ற அடைவு. அதற்குள் 'மே'. கடைசிக் கோப்பு ஞாயிறு மாலை 5.40க்குச் சேமித்தது. அக்கா அடுப்படியிலிருந்து "என்னடி, அழுவுறியா?" என்று கேட்டாள்.

உடனே நகல் எடுத்தேன். அந்தப் பென் டிரைவையும் லக்ஸால் பூட்டிவிட்டுத்தான் எடுத்தேன். பையன் அவசரப்பட்டான், நான் விடவில்லை.

இரவு பழுதுவேலை. பூட் பகுதியைச் சோதித்தால் பிழைக்கு மேல் பிழை, சரிசெய்தோம். புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு பூஜ்யம் பைட். கர்னல் எழுந்தவுடன் வட்டைத் திறக்கத் தேவையான கருவிகள் அடங்கிய சின்ன மூட்டை அது. இயங்குதளம் இருக்கும் ரூட், பூட், இஎஃப்ஐ மூன்றையும் முறையாகப் பொருத்தி, குரூட் கட்டளை போட்டு, வட்டில் இருக்கும் இயங்குதளத்துக்கு உள்ளே போனோம். 'டிபிகேஜி' கட்டளையால் பாதியில் நின்ற தொகுப்புகளை முடித்தோம். அப்டேட் எல்லாவற்றையும் முன்பே தரவிறக்கி வைத்திருந்ததால் இணையம் தேவைப்படவில்லை. எல்லாக் கர்னலுக்கும் மூட்டையைப் புதிதாகக் கட்டச் சொன்னோம், பட்டியலையும் எழுதச் சொன்னோம்.

மறுதொடக்கம். பட்டியல் வந்தது! பையன் கைதட்டினான். ஆனால் கடவுச்சொல் கேட்கவில்லை. அரை நிமிஷம் கழித்து, ரூட்டுக்காகக் காத்திருந்தும் வரவில்லை என்று சொல்லி 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற இன்னொரு கருப்புத் திரையில் விட்டது. பழைய கர்னலைத் தேர்ந்தோம், அதுவும் அப்படியே.

மணி ஒன்றரை. படுக்கிறேன்.


மே 22, வியாழன், கிருஷ்ணகிரி

காரணம் கிடைத்தது. நேற்று பையன் போனில் பிடித்து வைத்திருந்த திரையின் புகைப்படத்தைக் காலையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூட்டை கட்டும்போது ஓர் எச்சரிக்கை வரி ஓடியிருக்கிறது: 'லக்ஸ்' என்று தொடங்கும் ஒரு நீண்ட பெயர் கிரிப்ட்டேப் கோப்பில் இல்லை. பூட்டிய பகுதிகளைத் திறக்கும்போது என்ன பெயர் வைப்பது என்று எழுதியிருக்கும் கோப்பு அது. நூறு வரிக்கு நடுவில் அது கண்ணில் படவில்லை.

கோப்பு மேலாளரில் சொடுக்கித் திறந்தால், திறந்த பகுதிக்கு அது தானாக ஒரு பெயர் வைத்துவிடுகிறது. என் கணினியின் கிரிப்ட்டேப்பில் எழுதியிருக்கும் பெயர் வேறு, 'என்விஎம்இ0என்1பி3_கிரிப்ட்'. பெயர் பொருந்தவில்லை என்பதால், இந்த வட்டில் பூட்டே இல்லை என்று எடுத்துக்கொண்டு திறக்கும் கருவியைச் சேர்க்காமலேயே மூட்டையைக் கட்டிவிட்டது. எல்லாக் கர்னலுக்கும் என்று சொன்னதால், நன்றாக இருந்த பழைய மூட்டையும் அப்படியே ஆனது. அது எங்கள் தவறு. ஒன்றைச் சரிசெய்யும்போது ஓடக்கூடிய இன்னொன்றைத் தொட்டிருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் மூடினோம். லைவ் டிரைவில் திரும்ப எழுந்தோம். இந்த முறை சொடுக்கவில்லை. முனையத்தில் 'கிரிப்ட்செட்டப் ஓப்பன்' கொடுத்து, கிரிப்ட்டேப்பில் இருந்த பெயரையே ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பையன் பக்கத்தில் இருந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தான். பூட்டுக்குள் எல்விஎம் முறையில் பிரித்து வைத்திருந்த பகுதிகளை உயிர்ப்பித்து, பழையபடி பொருத்தி, குரூட் போட்டு, மூட்டை கட்டினோம். எச்சரிக்கை வரவில்லை. நம்பாமல் மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுப் பார்த்தேன். கிரிப்ட்செட்டப் இருந்தது.

11.20க்கு மறுதொடக்கம். பட்டியல் வந்தது. ஐந்து நொடி. அப்புறம் வட்டின் பெயரோடு கடவுச்சொல் கேட்டது. தினமும் பார்க்கிற வரிதான், இன்று அதை முழுசாகப் படித்தேன். அடித்தேன். 'வெற்றிகரமாகத் திறந்தது' என்றது.

அக்கா மாம்பழம் நறுக்கி வைத்திருந்தாள். பையன் முக்கால் தட்டைக் காலி செய்தான். அவனுக்குத் தகும்.


மே 24, சனி

தர்மபுரி. நேற்று புது பேட்டரி வாங்கிப் போட்டாயிற்று. இரண்டு வேலை நாளின் வரவுசெலவு குவிந்திருந்தது, முடித்தேன்.

மதியம் பாப்பாரப்பட்டி போனேன். சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊர். வரும் ஜூலை 23 வந்தால் அவர் மறைந்து நூறாண்டு. குழுத் தலைவிக்கு அறுபது வயதிருக்கும், தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மறைப்பது நியாயம் இல்லை, அது அவர்கள் கணக்கு.

"அந்தக் கடைக்காரன் உள்ள எதையும் பாத்துட்டானா கண்ணு?"

"இல்லைங்கம்மா. அவனால பாக்க முடியாது."

"அப்பச் சரி" என்றார். பிறகு கடன் மனுவில் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியதில் எழுத்துகள் அடுத்த தாளிலும் பதிந்திருந்தன.


மே 26, திங்கள்

மனுவைக் கொடுத்துவிட்டோம். மேலாளர் இரண்டு நகல் கூடுதலாகக் கேட்டார், அங்கேயே எடுத்துக் கொடுத்தேன்.

வங்கியிலிருந்து அப்படியே கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். ஹெட்டர் நகல் இருக்கும் பென் டிரைவை மடிக்கணினியோடு ஒரே பையில் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். அதை வைத்துப் பழைய கடவுச்சொல்லால் பிறகும் திறக்க முடியும் என்பதால் கண்ட இடத்திலும் வைக்க முடியாது. அக்கா அதை ஒரு சுருக்குப் பையில் போட்டு, பீரோவில் நகைப்பெட்டிக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ராத்திரிக்குக் களி கிண்டட்டுமா என்று கேட்டாள்.