பெரியப்பா அனுப்பின சேட்டு

பத்து வருசம் எங்கள் ஊர்க் கழகத்துக்கு விளையாடினேன். நான் எடுத்த ஓட்டங்கள் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஞாபகம் வைக்கிற அளவுக்கு எடுக்கவுமில்லை. நான் கதைத்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம்.

விக்கெட் காப்பாளன் நான். பந்துவீச்சாளர் ஓடி வரத் தொடங்கும்போது, முன்னால் நிற்கிற துடுப்பாட்டக்காரரிடம் மெதுவாகக் கேட்பேன்: "அண்ணை, மாமாவுக்குக் கண் ஒப்பரேசன் எண்டு கேள்விப்பட்டன், எப்பிடி இருக்கிறார்?" மனுசன் என்ன செய்வார்? பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லை. "பரவாயில்..." என்று வாயெடுக்க, பின்னால் ஸ்டம்ப் பறக்கும். இந்த உத்தியால் எங்கள் கழகத்துக்குக் கிடைத்த விக்கெட்டுகள் பந்துவீச்சாளர்களின் கணக்கில்தான் எழுதப்பட்டன. அந்த மனக்குறை எனக்கு இன்னும் உண்டு.

கடைசியில் அதே உத்தி என்னையே கவிழ்த்தது. ஒரு ஆட்டத்தில் கேள்வி நீண்டுபோய்விட்டது. பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேரே என் கையுறைக்கு வந்தது, பட்டது, போனது. கப்டன் ஸ்லிப்பில் நின்று சொன்னான்: "மச்சான், வாயால ஏந்தியிருந்தா பிடிச்சிருப்பாய்." பிறகு முழங்கால் விட்டுக்கொடுத்தது. குந்த முடியாத விக்கெட் காப்பாளனைக் கழகம் என்ன செய்யும்? மென்பந்துச் சுற்றுப்போட்டி ஒன்றில் கையில் மைக்கைத் தந்து, கொட்டிலுக்குள் இருத்திவிட்டார்கள்.

வர்ணனை என்றால் என்ன என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். நான் கண்ட முதல் வர்ணனையாளர் ஆட்டத்தைப் பார்க்காமலே வர்ணித்தவர்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழைக்குள்ளே நடந்து, கடைசியில் மீசாலையில் ஒரு வீட்டில் நாலு குடும்பமாக ஒதுங்கினோம். அடுத்த மார்ச் 17, லாகூரில் இலங்கை விளையாடின உலகக்கிண்ண இறுதியாட்டம். யாழ்ப்பாணத்துக்கு 1990 இலிருந்தே மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. ஆனால் சைக்கிளுக்குத் தடை இல்லையே! சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும், அதிலிருந்து வயர் ரேடியோவுக்கு. முற்றத்தில் ஜாம் போத்தல் விளக்கு. சுற்றுவதற்குச் சிறுவர்கள் நாங்கள் முறை வைத்திருந்தோம், ஆளுக்கு இரண்டு ஓவர்.

ரேடியோவில் ஆங்கிலம். பக்கத்து வீட்டு மாஸ்ரர் காதை அதில் ஒட்டிவைத்துக்கொண்டு எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். கை உளைந்து நாங்கள் மெதுவாகச் சுற்ற, ரேடியோவில் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கிப் பிறகு காணாமலே போய்விடும். மாஸ்ரர் நிற்பாட்டவே மாட்டார். "அரவிந்த இறங்கி வாறார்... தூக்கிப் போட்டார்... நாலு!" முற்றமே எழும்பிக் கத்தும். அந்த உற்சாகத்தில் நாங்கள் வேகமாகச் சுற்ற, ரேடியோ உயிர்த்து எழும்பி, குருசிங்க இவ்வளவு நேரமும் ஒரு பந்தைத் தடுத்து விளையாடிக்கொண்டிருந்ததாகச் சொல்லும். மாஸ்ரர் சற்றும் அசரமாட்டார். "அது இதுக்கு முந்தின பந்து."

லாகூரில் அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. மீசாலையில் 130 க்குக் குறையாது.

மைக் கைக்கு வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது, ஊர் ஆட்டத்தில் கிரிக்கெட்டை வர்ணிக்கிறது கால்வாசி வேலைதான். "சிவப்பு ஸ்கூட்டிக்காரர் உடனடியாக வாகனத்தை எடுக்கவும், பிணக்கு ஒன்று ஆரம்பமாகிறது." "மாங்காய் விக்கிற அக்கா மிச்சக்காசோட தேடுறா, ஆயிரம் ரூபாய் குடுத்த தம்பி வரவும்." இதற்குள் ஒருவன் அடித்திருப்பான், அது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, பனையில் கட்டின ஸ்பீக்கரோ என்னை நம்பி ஊரெல்லாம் கேட்கிறது. மாஸ்ரரை நினைத்துக்கொண்டு "நாலு!" என்பேன். நடுவர் அந்தப் பக்கம் திரும்பி, நான் சொன்னதற்காகவே கையை ஆட்டினதும் உண்டு.

பெயர்களும் ஒரு சிக்கல். ஒரே அணியில் மூன்று கஜன். மொட்டைக் கஜன், கடைக் கஜன், கனடாக் கஜன். கனடாக் கஜன் கனடாவில் இருந்து வந்தவனல்ல, விசா மூன்று தரம் மறுக்கப்பட்டவன். இதை ஸ்பீக்கரில் சொல்ல முடியுமா? தாய்மார் வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் கொட்டிலுக்கே துண்டு எழுதி அனுப்பினார். "பத்திரிகையில் துடுப்பாட்டம், பந்துப் பரிமாற்றம், உதிரிகள் என்று அழகாக எழுதுகிறார்கள். நீர் ஏன் ஆங்கிலத்தை உழக்குகிறீர்?" நியாயமான கேள்வி. அன்று பின்னேரமே தொடங்கினேன். உதிரிகள் வரை பிரச்சினை இல்லை. மட்டைக்குக் கிட்ட, சில்லி பொயின்ற்றில் நின்ற பெடியனை, "முட்டாள் முனையில் நிற்பவர் இன்னாரின் மகன்" என்று சொன்னதும், இன்னார் எழும்பிக் கொட்டிலுக்கு நடந்து வந்தார். கௌ கோர்னருக்கு அடித்த பந்தை "மாட்டு மூலை" என்றேன். அந்த மூலையில் உண்மையாகவே ஒரு மாடு கட்டியிருந்ததால் அது மட்டும் தப்பியது. அதற்குப் பிறகு சில்லி பொயின்ற்றைச் சில்லி பொயின்ற்றாகவே விட்டுவிட்டேன். வாத்தியாரும் கதைப்பதை விட்டுவிட்டார்.

ஒருநாள் வீட்டில், இதைத் தொழிலாகவே செய்யலாமே என்று வாய் தவறிச் சொல்லிப்போட்டேன்.

"ரசல் ஆர்னல்ட் 44 டெஸ்ட் விளையாடிப்போட்டுத்தான் மைக்கைப் பிடிச்சவர்," என்றாள் மனைவி. கிரிக்கெட் பார்க்காதவள் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"ஹர்ஷா போக்லே ஒரு டெஸ்ட்டும் விளையாடேல்லை. ஹைதராபாத்தில என்னைமாதிரி உள்ளூர் ஆட்டக்காரன்தான்."

"அவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.இல படிச்சவர். நீங்கள்?"

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் காலம் என் பக்கம் நின்றது. மார்ச் மாதம் வந்தால் யாழ்ப்பாணம் பிக் மட்ச் பைத்தியம் பிடித்து நிற்கும். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதுகிற வடக்கின் பெரும் போர் 1904 இல் தொடங்கியது. நான் போனது அவ்வளவு பெரிய ஆட்டத்துக்கல்ல. ஆனாலும் இப்போது எந்தச் சின்ன ஆட்டத்தையும் இணையத்தில் நேரலையாகப் போட ஒரு பெடியன் இரண்டு கமராவோடு வந்துவிடுகிறான். அவனுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. இங்கே காலை பத்தரை என்றால் ரொறன்ரோவில் இரவு ஒரு மணி. அந்த நேரத்திலும் முழித்திருந்து பார்க்கிறார்கள். பார்ப்பது கிரிக்கெட் என்று நினைத்தால் அது என் பிழை. "தம்பி, மேற்குப் பக்க மதிலை ஒருக்காக் காட்டச் சொல்லும், அதால பாய்ஞ்சுதான் நாங்கள் படத்துக்குப் போறது." "கன்ரீனில இப்பவும் அந்த வடை இருக்கோ?" "ஸ்கோரை விடும், அந்த வேம்பு நிக்குதோ தறிச்சுப்போட்டாங்களோ?" வேம்பு நின்றது. கமராவைத் திருப்பிக் காட்டினோம். அன்றைக்கு விழுந்த எந்த விக்கெட்டுக்கும் அவ்வளவு இதயக்குறி வரவில்லை.

மைதான ஸ்பீக்கரில் சொல்கிற மாதிரி நேரலையில் சொல்லக்கூடாது என்பதை அங்கேதான் படித்தேன். பந்து போகிறதைக் கண்ணால் காண்கிறவனுக்குப் "பந்து போகிறது" என்று ஏன் சொல்லவேணும்? வாயை மூடியிருக்கிற இடம் தெரியவேணும். எனக்கு அதுதான் வராது.

கனடா ஸ்காபரோவில் இருக்கிற பெரியப்பா நான் நேரலையில் வாறதைக் கேள்விப்பட்டு, ஒரு சேட்டு அனுப்பினார். நல்ல நீலம், நல்ல துணி. ஆனால் டபுள் எக்ஸ்.எல். 1998 இல் கடைசியாக என்னைக் கண்ட மனுசன், நான் எவ்வளவு வளர்ந்திருப்பேன் என்று தாராளமாகக் கணக்குப் போட்டிருக்கிறார். முதுகுப் பக்கம் மடித்து, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் நாலு குத்தினால் முன்னால் அளவாகத்தான் தெரியும். கமரா முதுகைக் காட்டாது.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியைப் பார்த்துப் பெடியன் தலையில் கை வைத்தான். "அண்ணை, லைன் போட்டுது. இனிக் கதைச்சுப் பிரயோசனம் இல்லை." சரியென்று கதிரையில் சாய்ந்தேன். பக்கத்தில் மற்ற வர்ணனையாளர், அவரும் பழைய கழக ஆட்டக்காரர். வெளியில் ஆட்டம் நடக்கிறது, நாங்கள் எங்கள் பாட்டில் கதைத்தோம். பார்சலில் மீன் துண்டு குறைந்தது, நடுவரின் தூரப் பார்வை, இப்படி ஒவ்வொன்றாகப் போய்ச் சேட்டில் வந்து நின்றது.

"வடிவான சேட்டு, ஆர் தந்தது?"

"பெரியப்பா. கனடா. நீரும் வாரும், உள்ள இடமிருக்கு. ரெண்டு பேரும் நிண்டு வர்ணிக்கலாம். தேவையெண்டா நடுவரையும் கூப்பிடலாம்." சொல்லிவிட்டு, எழும்பித் திரும்பி கிளிப்பையும் காட்டினேன். "இந்தக் கிளிப்பை அவிழ்த்துவிட்டா காத்துக்கு நான் மாட்டு மூலைக்குப் போய் விழுவன்."

இப்படியாக 11 நிமிடம். அதற்குள் இரண்டு விக்கெட் விழுந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

பிறகு பெடியன் தன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பப் போனைப் பார்த்தான். படம் மட்டும்தான் நின்றிருக்கிறது. வேப்பமரத்தின் பாதியில் உறைந்துபோன ஒரு படம், அதற்கு மேல் எங்கள் இருவரின் குரல், தெளிவாக, இரைச்சல் ஒன்றுமில்லாமல். மாஸ்ரர் ஞாபகம் வந்தது. அவருக்காவது சைக்கிள் சுற்றுகிற சத்தம் நின்றால் தெரியும்.

கருத்துப் பகுதியில் பாராட்டு மழை. "இண்டைக்குத்தான் வர்ணனை சூடு பிடிச்சிருக்கு." "நடுவர் பற்றிச் சொன்னது முழு உண்மை." "கிளிப்பைக் காட்டினதாமே, படத்தைக் கெதியாப் போடுங்கோ." இவற்றுக்கு நடுவில், அங்கே விடியற்காலை நாலு மணிக்கு, பெரியப்பா எழுதிய ஒற்றை வரி:

"தம்பி, சைஸ் என்ன?"

நான் பதில் போடவில்லை. எப்படிப் போடுவது? அம்மா போனில் எடுத்துச் சமாளித்தாளாம், என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்சல் வந்தது. அதே நீலம், அதே துணி. ஸ்மோல்.

"போடு," என்றாள் அம்மா. "அந்த மனுசன் பாத்துக்கொண்டு இருப்பார்."

அடுத்த நேரலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். பொத்தான்கள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு நின்றன. மூச்சை உள்ளே இழுத்தால் ஒரு சொல், வெளியே விட்டால் இன்னொரு சொல், அதற்கு மேல் போனால் ஒரு பொத்தான் மைக்கில் போய் விழும். அன்று அஞ்சு சிக்ஸர். ஒன்றுக்கும் நான் கையைத் தூக்கவில்லை. "ஆறு" என்றேன். ஒவ்வொரு தடவையும் அவ்வளவுதான்.

ஆட்டம் முடிகிற நேரம் பெரியப்பாவின் கருத்து வந்தது:

"இண்டைக்குத்தான் எல்லாம் அளவா இருக்கு."