36,000 ரூபாய் சலுகை போன கதை

நங்கநல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை ஒரு டியூஷன் சென்டருக்கு விட்டிருந்தேன். வாடகை 24,000, அட்வான்ஸ் மூன்று மாதம், 72,000. வழக்கமான 11 மாத அக்ரிமென்ட் இல்லை, மூன்று வருஷம். அதனால் சார்பதிவாளர் ஆபீசில் அரை நாள் காத்துக்கிடந்து பதிவும் செய்தோம்.

நடத்தியவர்கள் இரண்டு பையன்கள். "ஆன்ட்டி, பார்ட்டிஷன், பெஞ்ச், ஏசி எல்லாம் போடணும். முதல் மூணு மாசம் கொஞ்சம் பாத்துப் போட்டுக்கோங்க" என்றார்கள். பாதி கொடுத்தால் போதும் என்றேன். மூன்று வருஷம் இருக்கப்போகிறவர்கள்தானே!

பதினாலாவது மாதத்தோடு காலி செய்துவிட்டார்கள். இரண்டு மாதம் முன்பே நோட்டீஸும் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. மூன்று மாதம் விட்டுக்கொடுத்த 36,000-ஐ அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டுதான் பக்கத்துத் தெரு வக்கீல் மாமாவிடம் பத்திரத்தைக் கொண்டுபோனேன்.

"இதுல சலுகைன்னு எங்கேம்மா இருக்கு?" என்றார்.

பத்திரத்தில் இருந்தது இவ்வளவுதான்: முதல் மூன்று மாத வாடகை 12,000, அதன்பின் 24,000. ரசீதும் 12,000-க்கே கொடுத்திருக்கிறேன். ஆக, அந்த மாதங்களுக்கு வாடகையே அதுதான். பாக்கி என்று எதுவும் இல்லை. 2017-ஆம் வருஷ வாடகைச் சட்டப்படி, காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வாடகைதாரர் தரவேண்டியது ஏதாவது இருந்தால்தான் கழிக்கலாம். கரண்ட் பில்லை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். கொடுக்கும்போது கை கொஞ்சம் கனத்தது, பொய் சொல்வானேன்.

சரி, எப்படி எழுதியிருக்க வேண்டும்? வாடகை முதல் மாதத்திலிருந்தே 24,000; அதில் 12,000 மூன்று மாதத்துக்குத் தள்ளுபடி; முழுக் காலமும் இருந்தால்தான் அந்தத் தள்ளுபடி நிற்கும். நடுவில் போனால் முழுசையும் கேட்கலாமா என்றேன். முடியாது என்று மாமா தலையாட்டினார். ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவில், எழுதிய தொகை எதுவானாலும் அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்குமாம். அபராதம் மாதிரித் தெரிந்தால் கோர்ட் குறைத்துவிடும். 36 மாதத்துக்கு 36,000, மாதம் ஆயிரம். 14 மாதம் இருந்தவர்களுக்கு 14,000 கழிந்துவிட்டது. மிச்சம் 22,000 கேட்டிருந்தால் யாரும் அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது பிசியோதெரபி கிளினிக் வைக்க ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் முதல் இரண்டு மாதம் பாதி வாடகைதான் (புத்தி வராது என்கிறாள் என் தங்கை). இந்த முறை டிராஃப்டில் அந்த வரியைப் போட்டேன். அந்தப் பெண் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், நீங்களே எங்களை நடுவுல காலி பண்ணச் சொன்னா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படிச் சொன்னால் ஒரு பைசா கேட்க மாட்டேன் என்று அதற்குக் கீழேயே இன்னொரு வரி சேர்த்தேன்.