உருண்டு போன எலுமிச்சம்பழம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை நாலரை மணி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டு வாசலில் குப்புறப் படுத்து, காருக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். தேடியது ஒரு எலுமிச்சம்பழத்தை.

மறுநாள் லெனேசியாவில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. ஜோஹன்னஸ்பர்க் பக்கம், கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். தூரப் பயணம் என்றால் நாலு டயருக்கும் நாலு பழம் வைக்காமல் என் மனைவி வண்டியில் ஏற மாட்டாள். நாடு மாறினாலும் இது மாறவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் வலைப்பையில் விற்கும் பழம், இதற்கென்றே ஃப்ரிட்ஜில் எப்போதும் இருக்கும். ஆனால் எங்கள் வாசல் சரிவு. எங்கள் பகுதி சாட்ஸ்வொர்த்தே மேடும் இறக்கமும்தானே. முன்பக்க இடது டயருக்கு வைத்த பழம் நிற்காமல் உள்ளே உருண்டு போய்விட்டது.

"அது நசுங்கணுங்க. எடுத்து வைங்க."

பழம் கையில் தட்டுப்பட்டது. கூடவே டயரின் உட்பக்கமும். சுரீரென்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரலில் ரத்தம். ஃபோன் டார்ச்சை அடித்தேன். டயரின் உள் ஓரத்தில் ரப்பர் மொத்தமும் போய், மெல்லிய கம்பிகள் மூன்று நாள் தாடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

இதில் அநியாயம் என்னவென்றால், நான் டயரைக் கவனிக்காத ஆள் இல்லை. ஞாயிறுதோறும் கழுவி, பளபளவென்று பாலிஷ் போட்டு, காலால் இரண்டு உதை உதைத்துப் பார்ப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகள், எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கும். கோட்டுக்குள் போடும் சட்டைக்குக் காலரை மட்டும் இஸ்திரி போடுவோமே, அந்தக் கதை.

பக்கத்து வீட்டுத் தாத்தா கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர், நான் தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். ஜோஹன்னஸ்பர்க் போகும் இதே என்3 சாலையில் பல வருஷம் லாரி ஓட்டியவர். கோயிலில் தேவாரம் பாடும்போது மட்டும் முழுத் தமிழ், மற்ற நேரம் பாதித் தமிழ்.

"எழுந்திரு தம்பி. ஸ்டியரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடி."

ஒடித்தேன். உள் ஓரம் தானாக வெளியே வந்து காட்சி கொடுத்தது. இத்தனை வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. படுத்து உருண்டதெல்லாம் வீண்.

அவர் பட்டன் மேல் குறுக்கே உள்ளங்கையால் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிறது. திருப்பித் தடவினால் ரம்பம். வலது டயரும் அதே மாதிரி, கம்பிதான் இன்னும் வெளியே வரவில்லை. "ரெண்டு சக்கரமும் நேரா முன்னால பார்க்கணும். உன் வண்டி வாத்து மாதிரி காலை வெளியே விரிச்சு நடக்குது. உள் ஓரம் தரையில இழுபட்டுத் தேயுது. எந்தப் பள்ளத்துல விட்டே?"

நான் யோசிப்பதற்குள் மனைவி ஆரம்பித்துவிட்டாள். கார்த்திகை மாதம், கொட்டும் மழை, ரோபோ தாண்டி இரண்டாவது வளைவு. (இங்கே சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர்.) தண்ணீர் நின்ற பள்ளத்தில் நான் விட்டது, பிள்ளைகள் தலை இடித்துக்கொண்டது, அன்றிலிருந்து ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறது என்று அவள் சொன்னது, ரோடுதான் சாய்வாக இருக்கிறது என்று நான் சொன்னது. ஊரில் இருக்கிற எல்லா ரோடுமா சாய்வு என்று அவள் அன்றைக்கே கேட்டாளாம்.

தாத்தா அதற்குள் பின்பக்கம் போய்விட்டார். அங்கே வேறு ஜாதகம். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, இரண்டு ஓரமும் நன்றாக இருந்தது. அவர் டயரைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"காத்து எவ்வளவு வைக்கிறே?"

காற்று அதிகம் வைத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று கோயம்புத்தூர் மச்சான் சொன்னதிலிருந்து, பெட்ரோல் பங்க் பையனிடம் 2.8 வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் 2.2 பார் என்று போட்டிருக்கிறது. நம்மூர் பி.எஸ்.ஐ. கணக்கில் 32. அதுவும் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. நானோ அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சூட்டோடு சூடாகப் பார்த்துவந்தவன். காற்று மிஞ்சினால் டயர் உப்பி நடு தேயும். குறைந்தால் நேர்மாறு, இரண்டு ஓரமும் போகும். "உன் மச்சானுக்கு ஃபோன் போட்டுச் சொல்லு" என்றார் தாத்தா.

"சரி, ரொட்டேஷன் கடைசியா எப்போ பண்ணே?"

"தினமும் ஓடும்போது சுத்துதே தாத்தா."

எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் முன்னால் இருப்பதைப் பின்னாலும் பின்னால் இருப்பதை முன்னாலும் மாற்றிப் போடுவதுதான் அது என்று அவர் விளக்கினார். என் மகன் வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தான்.

ஸ்டெப்னியாவது இருக்கிறதே என்றேன். அதை எடுக்க, டிக்கியில் அடுக்கிய சீர்வரிசைத் தட்டு, வளையல் பெட்டி, மூன்று டப்பா அதிரசம் எல்லாவற்றையும் வாசலில் இறக்க வேண்டியதாயிற்று. டயர் பக்கவாட்டில் 2314 என்று பொறித்திருந்தது. 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. எங்கள் இளையவனைவிட மூத்தது. அமுக்கினால் இட்லி மாதிரி உள்ளே போனது.

இங்கே சட்டப்படி பட்டன் ஆழம் 1 மில்லிமீட்டராவது, டயரின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். வெளி ஓரத்தைக் காட்டிப் போலீஸை ஏமாற்ற முடியாது. அதைவிட, வழியில் வரும் வான் ரீனன் மலைக் கணவாயில் பனிமூட்டத்தில், முன்னும் பின்னும் லாரிகளுக்கு நடுவில் அந்தக் கம்பி டயர் வெடித்திருந்தால் என்று நினைத்தபோதுதான் விரல் உண்மையாகவே வலிக்க ஆரம்பித்தது.

கடை திறக்கும்வரை அதிரசம் சாப்பிட்டோம். முன்னால் இரண்டு புது டயர். பின்பக்க டயர்களில் இன்னும் 3 மில்லி இருந்ததால் தப்பின. காற்றைச் சரியாக வைத்தால் போதும் என்றார்கள். அந்த வாத்து நடையைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்டை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்று பர்ஸைத் தடவிக்கொண்டே கேட்டேன். கடைக்காரப் பையன் பழைய டயரின் கம்பியை விரலால் சுண்டிக் காட்டினான். சரி, பண்ணு என்றேன். ஸ்டெப்னிக்கும் ஒரு டயர். வளைகாப்புக்கு எழுத வைத்திருந்த மொய் அதில் கரைந்தது.

பத்தரை மணிக்கு வண்டியை இறக்கியதும் மனைவி கைப்பையிலிருந்து நாலு பழம் எடுத்தாள். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இது எதற்கு என்று ஒருவன் கேட்டான். "டயர் செக் பண்ண" என்றாள் அவள், கொஞ்சமும் சிரிக்காமல். என் சுண்டுவிரல் கட்டையும் தூக்கிக் காட்டினாள்.

நான் வண்டியை நகர்த்தினேன். நாலும் சப்பென்று நசுங்கின. பின்னால் வரிசையில் நின்ற பக்கிக்காரர் (இங்கே பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர்) கண்ணாடியை இறக்கி, பழம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.