பஸ் எங்க இருக்குன்னு தெரியும், எப்ப வரும்னுதான் தெரியாது

நானும் ரெண்டு கூட்டாளியும் வேலை முடிஞ்சு ராத்திரியில உக்காந்து கட்டுற ஓப்பன் சோர்ஸ் (கோடை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்) பஸ் ப்ராஜெக்டுக்கு ஒரு வழியா ஒரு யுனிவர்சிட்டி விரிவுரையாளரும் ஒரு வேன் முதலாளியும் சேர்ந்துட்டாங்க, இந்த ரெண்டு பேரைப் பிடிக்க கேஎல் (கோலாலம்பூர்) முழுக்க எட்டு மாசம் அலைஞ்சோம்.

மலேசிய அரசாங்கத்தோட ஓப்பன் டேட்டா தளத்துல ரேப்பிட் கேஎல் பஸ்ஸோட ஜிடிஎஃப்எஸ் டேட்டா இலவசமாவே கிடைக்குது. ஜிடிஎஃப்எஸ்னா பெரிய விசயம் இல்ல, ஒரு ஜிப் ஃபைலுக்குள்ள ஸ்டாப், ரூட், டிரிப், நேரம்னு தனித்தனி டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். 2005ல அமெரிக்காவுல போர்ட்லண்ட் பஸ்காரங்க ட்ரைமெட்டும் கூகளும் சேர்ந்து ஆரம்பிச்சது (முன்னாடி இருக்கிற ஜி முதல்ல கூகள், அப்புறம்தான் ஜெனரல்னு மாத்துனாங்க). லைவ் ஃபீடும் இருக்கு, ஆனா நாங்க எடுத்தப்ப அதுல பஸ் இப்ப எங்க நிக்குதுங்கிறது மட்டும்தான் வந்துச்சு, நம்ம ஸ்டாப்புக்கு எத்தனை நிமிசத்துல வரும்கிறத நாமளேதான் கணக்குப் போட்டுக்கணும். அந்தக் கணக்குதான் எங்க ப்ராஜெக்ட்.

முதல்ல 22 ஸ்லைடு செஞ்சு, ஸ்மார்ட் சிட்டி அது இதுன்னு பெரிய பேச்செல்லாம் போட்டு எடுத்துக்கிட்டுப் போனோம். ஒரு இடத்துல எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டுட்டு வாங்கன்னாங்க, இன்னொரு இடத்துல கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) எவ்வளவு இருக்குன்னாங்க, நாங்க எங்க போறது கிராண்டுக்கு. கடைசியா ஒரு விரிவுரையாளர் மட்டும் ஸ்லைடைப் பாக்காமலே, "தம்பி, இதுல என் பிள்ளைங்களுக்கு என்ன வேலை இருக்கு?"ன்னு கேட்டாரு. முழிச்சேன். வீட்டுக்கு வந்து யோசிச்சாதான் தெரியுது, எங்க கணக்கு சரியா தப்பான்னு ரோட்டுல நின்னு யாருமே பாத்ததில்ல. அதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்டா கொடுத்தோம். ரெண்டு பசங்க பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் ரோட்டு ஸ்டாப்புல ஒரு வாரம் சாயங்காலம் அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் நின்னு எழுதுனாங்க. அதுல ஒரு பொண்ணோட தாள் இன்னும் என் மேசையில இருக்கு, ஒரு வரி: "ஆப் 3 நிமிசம். பஸ் வந்தது 19. மழை." மை கலைஞ்சு போய் இருக்கு. மழை பெஞ்சா கேஎல் ஜாம் என்ன ஆகும்னு பச்சைப் பிள்ளைக்குக்கூட தெரியும், எங்க கோடுக்குத் தெரியல.

கம்பெனிங்க பக்கம் வேற கதை. "எல்லாத்தையும் திறந்து வச்சா நாளைக்குப் போட்டிக்காரன் எடுத்துட்டுப் போயிருவானே"ன்னு ஒருத்தர் கேட்டாரு, ஆமா எடுத்துட்டுப் போவான், அதுக்குத்தான் ஓப்பன் சோர்ஸுன்னு நான் லினக்ஸ்லேருந்து ஆரம்பிச்சுப் பாடம் எடுத்தேன், அவரோட தே தாரிக் டீ ஆறிப்போச்சு, அவரும் போயிட்டாரு. இன்னொரு இடத்துல எங்க கோடோட லைசன்ஸ் ஏஜிபிஎல்னு கேட்டதுமே வக்கீல் வேணாம்னுட்டாரு, ஏன்னா நம்ம கோடை மாத்தி சர்வர்ல ஓட்டுனா மாத்துன சோர்ஸையும் யூஸ் பண்றவங்களுக்குக் கொடுத்தாகணும். அதனால டேட்டா படிக்கிற கோடு பகுதிய (லைப்ரரி) மட்டும் அந்தக் கட்டாயம் இல்லாத அப்பாச்சி 2.0 லைசன்ஸுக்கு மாத்திட்டு சர்வர் கோடை ஏஜிபிஎல்லயே விட்டோம். இதுக்கு ஒரு கூட்டாளி இன்னும் என்மேல கோவமாத்தான் இருக்கான், எனக்கென்னவோ செஞ்சது சரின்னுதான் படுது.

பத்துமலைப் பக்கம் ஃபேக்டரிக்கு ஆள் ஏத்துற வேன் அங்கிள் லைசன்ஸப் பத்தி வாயே திறக்கல. காலையில அஞ்சு மணிக்கே வாட்ஸ்அப்புல "வேன் எங்க, வேன் எங்க"ன்னு நாப்பது வாய்ஸ் மெசேஜ் வருதாம் அவருக்கு. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "விடியக்காலையில இது படுத்துக்கிச்சுன்னா யாருக்கு போன் அடிக்கிறது?" எனக்குத்தான்னு சொல்லி நம்பரைக் கொடுத்தேன். அன்னையிலேருந்து சர்வர் பில்லை அவர்தான் கட்டுறாரு, கோடு எல்லாருக்கும் பொது, அவரோட டிரைவர் விவரம் மட்டும் வெளிய போகாது. இதுவரைக்கும் ரெண்டு தடவை அடிச்சிருக்காரு, ரெண்டும் விடியக்காலை நாலே முக்காலுக்கு.

அடுத்து பினாங்கு. ரேப்பிட் பினாங்குக்கும் லைவ் ஃபீடு இருக்கு. அங்க உள்ள விரிவுரையாளர் யாராவது இதப் படிச்சா, ஃபைனல் இயர் தலைப்பெல்லாம் கொடுத்து முடிக்கிறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. கொம்தார் ஸ்டாப்புல ரெண்டு பேர் ஒரு வாரம் நிக்கணும், குடை நாங்க வாங்கித் தர்றோம்.