ஒரு இரவுக்கு ஒரே எபிசோட்: டாக்டர் ஹூ பார்த்துக்கொண்டிருக்கும் அனுபவம்

டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்கிற பிபிசி தொடர்தான் டாக்டர் ஹூ. அதன் பழைய தொடரில் நேற்று இரவோடு 133 எபிசோட் முடிந்தது. இன்று 134ஆவது, அதோடு முதல் டாக்டர் போய்விடுவார். அதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அக்கா மகன்தான் ரொம்ப நாளாக நச்சரித்தான். "மாமா, 1963லேர்ந்து வருது, ஆனா நீங்க 2005லேர்ந்து ஆரம்பிங்க, பழசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்கிற யோசனை இது. 1989இல் நின்றுபோன தொடரை ரஸ்ஸல் டி டேவிஸ் 2005இல் மறுபடி தொடங்கியபோது, முன்கதை எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதினார். சரி என்று உட்கார்ந்தேன்.

முதல் ஏழு நாள்: 2005 சீசன்

மொத்தம் 13 எபிசோட். முதலாவதில் துணிக்கடைப் பொம்மைகள் உயிர்பெற்று நடந்து வந்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. எட்டாவது எபிசோடில்தான் பிடிபட்டது. டாக்டரோடு பயணம் செய்கிற ரோஸ் என்ற பெண், தான் குழந்தையாக இருந்தபோதே காரில் அடிபட்டு இறந்துபோன அப்பாவைப் பார்க்க 1987க்குப் போகிறாள். அவர் தனியாகச் சாகும்போது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் கார் வரும்போது தாங்க முடியாமல் ஓடிப்போய் அவரைத் தள்ளிக் காப்பாற்றிவிடுகிறாள். அதனால் காலமே கிழிந்துபோகிறது, கடைசியில் விஷயம் புரிந்த அப்பா தானாகவே அந்தக் காரின் முன்னால் போய் நிற்கிறார். அதற்கு மேல் அன்றைக்கு எதையும் பார்க்க முடியவில்லை.

சீசன் முடியும்போது கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் டாக்டராக இருப்பதும் முடிந்துவிட்டது. சாகப்போகும் நேரத்தில் இந்த வேற்றுக்கிரகவாசியின் உடல் முழுசாகப் புதுப்பித்துக்கொள்ளும். கூடு விட்டுக் கூடு பாய்கிற கதை நமக்குத் தெரியும், இங்கே பாய்வதற்கு இன்னொரு கூடு கிடையாது, அதே கூடுதான் மாறுகிறது, முகமும் குரலும் குணமும் அதோடு மாறுகின்றன. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் யார், எதற்காக யோசித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அக்கா மகன் வேண்டாம் என்றான். கேட்காமல் 1963க்குப் போனேன்.

எபிசோட் 1–11

முதல் எபிசோட் ஒளிபரப்பான நாள் 1963 நவம்பர் 23, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள். அதனால் அடுத்த வாரம் இரண்டாவதுக்கு முன்னால் முதலாவதையும் திரும்பப் போட்டார்கள். ஒரு மாணவியின் நடவடிக்கை புரியாமல் இரண்டு ஆசிரியர்கள் அவள் பின்னாலேயே ஒரு பழைய இரும்புக் கிடங்குக்குப் போகிறார்கள், அங்கே ஒரு போலீஸ் பெட்டி (போலீசைக் கூப்பிடத் தெருவில் வைக்கிற தொலைபேசிக் கூண்டு), உள்ளே நுழைந்தால் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய அறை. இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அப்போது அவருக்கு 24 வயது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. அந்த 25 நிமிடம் இன்றைக்கும் அசத்துகிறது. அடுத்த மூன்றும் குகை மனிதர்கள், நெருப்பு. அவற்றைப் பொறுமையாகத்தான் கடந்தேன்.

டைட்டில் இசையை ஹெட்போனில் கேளுங்கள். எழுதியவர் ரான் கிரெய்னர், ஆனால் அதை ஒலியாக்கியவர் பிபிசியின் ரேடியோபோனிக் பட்டறையில் இருந்த டெலியா டெர்பிஷைர். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒட்டிச் செய்தார். திரையில் அவர் பெயர் 2013இல்தான் வந்தது, அவர் இறந்தது 2001இல். ஒவ்வொரு இரவும் அந்த இசை ஆரம்பிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

ஐந்தாவது எபிசோடின் முடிவில், ஆளில்லாத நகரத்தின் நடைபாதையில் பார்பரா டீச்சர் தனியாக மாட்டிக்கொள்கிறார். ஏதோ ஒன்றின் கை மட்டும் திரைக்குள் நீண்டு வருகிறது, அவர் அலறுகிறார், முடிந்துவிட்டது. டாலெக் என்கிற அந்த எதிரி எப்படி இருக்கும் என்று காட்டவே இல்லை. நான் உடனே அடுத்ததைப் போட்டேன், அப்படியே எட்டாவது வரை போனேன், ஏழாவது வரும்போதே ஒரே நடைபாதையில் ஒரே ஆட்கள் ஓடுவதாகத் தோன்றி அலுத்துவிட்டது. அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். ஐந்தாவது டிசம்பர் 21, ஆறாவது டிசம்பர் 28. அந்தக் கை யாருடையது என்று தெரியாமல் பிள்ளைகள் ஒரு கிறிஸ்துமஸ் வாரம் முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள். கதையின் பாதி அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. நான்தான் அதை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, ஒன்றே ஒன்று. வாரம் ஒன்று எனக்கு முடியாது, ஒரு நாள் இடைவெளியே போதுமானதாக இருக்கிறது.

எபிசோட் 14–20

மார்கோ போலோ கதை. ஏழும் இன்று இல்லை. அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பதிவார்கள். வெளிநாட்டுக்கு விற்க எடுத்த ஃபிலிம் பிரதிகளையும் பின்னால் தூக்கிப்போட்டார்கள். 60களின் 90க்கும் மேற்பட்ட எபிசோடுகள் இப்படிப் போய்விட்டன. ஆனால் ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, காரணம், வீட்டில் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்கள். திரையைப் புகைப்படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருந்த ஜான் குரா என்பவரின் படங்களும் பலவற்றுக்கு உண்டு. ஒலியையும் படங்களையும் ரசிகர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

முதல் இரவு ஒட்டவே இல்லை. இரண்டாம் இரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன், வானொலி நாடகம் மாதிரி பிடித்துக்கொண்டது. குப்லாய் கானோடு டாக்டர் சூதாடி, கடைசியில் தன் டார்டிஸையே, அதாவது காலப்பயணம் செய்கிற அந்தப் போலீஸ் பெட்டியையே பணயம் வைத்துத் தோற்கிற இடத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தது போலத்தான் மனதில் இருக்கிறது.

எபிசோட் 27–30

ஆஸ்டெக் கதை, நல்லவேளை நான்கும் இருக்கின்றன. பழைய பூசாரி ஒருவரின் மறுபிறவி என்று பார்பராவைக் கும்பிடுகிறார்கள், அவர் அந்த அதிகாரத்தை வைத்து நரபலியை நிறுத்தப் பார்க்கிறார். வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று டாக்டர் கொதிக்கிறார். பார்பரா தோற்றுப்போகிறார். ரோஸ் தன் அப்பாவைத் தள்ளிக் காப்பாற்றுவதற்கு 41 வருடம் முன்னால் அதே கேள்வியை ஒரு சின்ன ஸ்டூடியோவில், வரைந்த திரைச்சீலைகளுக்கு முன்னால் கேட்டுவிட்டார்கள். எனக்கு இதுவரை பிடித்ததில் இதுதான் முதலிடம்.

எபிசோட் 51

டாலெக்குகள் பிடித்த லண்டன். கடைசியில் பேத்தி சூசனை, முதல் எபிசோடில் வந்த அந்த மாணவியை, டாக்டர் பூமியிலேயே விட்டுவிட்டுப் போகிறார். அவள் அங்கே ஒருவனை விரும்புகிறாள், தாத்தாவைத் தனியாக விட மனமில்லாமல் தவிக்கிறாள், அதனால் அவரே கதவைப் பூட்டிக்கொள்கிறார். சற்று முன்னால்தான் அவள் செருப்பு ஓட்டையாகிவிட்டதைப் பார்த்துத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய எந்த வீட்டிலும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு சிலது கஷ்டம். எறும்புகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும் 58–63 மட்டும் ஆறு இரவு என்பது ஆறு மாதமாகத் தெரிந்தது.

எபிசோட் 131–133

தென் துருவம், முதன்முதலாக வரும் சைபர்மேன்கள் என்கிற இயந்திர மனிதர்கள், முகத்தில் துணி. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு சரியில்லை என்பது பல வாரமாகவே தெரிகிறது. நேரடி நாடகம் மாதிரி நிறுத்தாமல் பதிந்ததால் அவர் வசனம் தடுமாறும் இடங்கள் அப்படியே இருக்கின்றன. முதலில் தொந்தரவாக இருந்த அந்தத் தடுமாற்றத்தை இப்போது நான் எதிர்பார்க்கிறேன், வீட்டுப் பெரியவர் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. நேற்றைய எபிசோடில் அவர் குரலே இல்லை. அந்த வாரம் நிஜமாகவே படுத்துவிட்டதால், டாக்டர் மயங்கிக் கிடப்பதாகக் கதையை மாற்றி, அவர் வசனத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

அவரால் தொடர முடியாது என்ற நிலையில்தான் அந்த உடல் மாற்றம் பிறந்தது. அது நடக்கிற 134ஆவது எபிசோட், 1966 அக்டோபர் 29இல் வந்தது, காணாமல் போனவற்றில் ஒன்று. முகம் மாறுகிற அந்தச் சில விநாடிகள் மட்டும் தப்பியிருக்கின்றன, 1973இல் ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் போட்டுக் காட்டியதால். மீதியை அனிமேஷனாக வரைந்திருக்கிறார்கள்.

அக்கா மகன் இன்று இரவு வருகிறேன் என்றிருக்கிறான், அவன் பழசு எதையும் பார்த்ததில்லை. விளக்கை அணைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.